7. வெடித்த டேஷ்போர்டு

பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இது குளிர்ந்த ஊர், இங்கே வெயில் வண்டியை ஒன்றும் செய்யாது என்பார்கள். சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்த வண்டியின் டேஷ்போர்டு வெடித்திருந்தால் “மெட்ராஸ் வெயில் சார்” என்று புரோக்கர் காரணம் சொல்லிவிடுவார். ஜெயநகரை விட்டு வெளியே போகாத வண்டியைத் திறந்து பாருங்கள். அதிலும் ஸ்பீக்கர் ஓட்டையிலிருந்து கண்ணாடி வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருக்கும்.

நம் உடம்புக்குப் படுவது காற்றின் சூடு. டேஷ்போர்டுக்குப் படுவது கண்ணாடி வழியாக நேரே இறங்கும் வெயில். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் புற ஊதாக் கதிரும் சமவெளியைவிடக் கொஞ்சம் கூடுதல். பழைய கார்களின் முன்கண்ணாடி பெரும்பாலும் டஃபன்ட் வகை. இப்போது வரும் லேமினேட்டட் கண்ணாடி அளவுக்கு அது அந்தக் கதிரைத் தடுக்காது. சூட்டின் அளவு தெரிய வேண்டுமானால், அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சுட்டது. நிழலில் நின்றவற்றில் 48 டிகிரி. அரிசோனா பாலைவனம், பெங்களூர் அப்படியில்லை என்பது சரிதான். ஆனால் ஏப்ரல் மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் நிற்கும் உங்கள் வண்டியின் டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் வாதாட மாட்டீர்கள்.

அந்தச் சூட்டில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த அத்தியாயத்தின் மற்ற பகுதிகள் புரியும். 1.2 மீட்டர் நீளமுள்ள ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் டேஷ்போர்டு காலையில் 20 டிகிரியிலும் மதியம் 70 டிகிரியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். அதைத் தாங்கி நிற்கும் இரும்புத் தகடு முக்கால் மில்லிமீட்டர்தான் நீளும். நடுவில் மாட்டிக்கொள்வது ஸ்க்ரூ. தினமும் இந்த இழுபறி நடந்தால் ஸ்க்ரூ ஓட்டை, ஏ.சி. வென்ட்டின் மூலை, ஸ்பீக்கர் ஜாலி என்று எங்கே ஓட்டையும் கூர்மையான மூலையும் இருக்கிறதோ அங்கேதான் முதல் விரிசல் விழும். எங்கே யாரோ டிரில் போட்டு ஃபேன் மாட்டினார்களோ அங்கே நிச்சயம் விழும்.

டேஷ்போர்டு நகரும் பொருள். ஒட்டுப்போட்ட இடம் அதோடு சேர்ந்து நகராவிட்டால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும். கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் செய்த வேலைகூட ஒரே கோடையில் பல்லிளிப்பது இதனால்தான்.

எதை ஒட்டப் போகிறீர்கள்?

மிகப் பழைய வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1964-ல் பம்பாய் குர்லாவில் வரத் தொடங்கிய ஃபியட் 1100 டிலைட்டின் டேஷ்போர்டு பெயின்ட் அடித்த தகரம். துருப்பிடிக்கும், வெடிக்காது. நம் தலைவலி அதற்குப் பிறகு வந்த வண்டிகளோடு தொடங்குகிறது. பிற்கால பத்மினி, பிரீமியர் 118 என்.இ., கான்டெஸா, முதல் தலைமுறை மாருதி 800 என்று எண்பதுகளின் வண்டிகள் எல்லாம் இப்போது டேஷ்போர்டு வெடிக்கும் வயதில் இருக்கின்றன. சென்னையில் 1985-லிருந்து 1988 வரை தயாரான ஸ்டாண்டர்ட் 2000 வைத்திருப்பவர் நிலைமை இன்னும் கஷ்டம். மாற்று டேஷ்போர்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. (அதன் மூலமான ரோவர் எஸ்.டி.1-ன் டேஷ்போர்டு அருமையான யோசனை. இடது வலது இரண்டு பக்க ஸ்டியரிங்குக்கும் ஒரே வார்ப்பு. மீட்டர்கள் தனிப் பெட்டியாக மேலே உட்காரும். ஒரு பக்கம் ஸ்டியரிங் தண்டு போகும் துளை, மறுபக்கம் காற்று வரும் வென்ட் ஆகிவிடும்.)

முதலில் டேஷ்போர்டைத் தட்டிப் பாருங்கள். டக் டக் என்று கெட்டியான சத்தம் வந்தால் ஒரே வார்ப்பில் செய்த கெட்டி பிளாஸ்டிக். விரலால் அமுக்கும்போது மெத்தென்று உள்வாங்கினால் அது ஃபோம் டேஷ்போர்டு: மேலே பி.வி.சி. தோல், நடுவில் பாலியூரித்தேன் ஃபோம், அடியில் தகடு. இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு.

கெட்டி பிளாஸ்டிக் என்றால் அது எந்தப் பிளாஸ்டிக் என்பது அடுத்த கேள்வி. கழற்றிய பிறகு பின்பக்கம் பாருங்கள். கொஞ்சம் புதிய வண்டிகளில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயர் அச்சாகியிருக்கும். இல்லையென்றால், கண்ணில் படாத ஓரத்தில் காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுவென்று இளகி, குச்சியில் நிறம் ஒட்டினால் ஏ.பி.எஸ். எதுவும் ஆகவில்லை, மெழுகு போல வழுவழுப்பாகவே இருக்கிறது என்றால் பாலிப்ரொப்பிலீன். இதைக் கடைக்காரர்கள் பி.பி. என்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் நகத்துணுக்கு அளவு சீவித் தண்ணீரில் போடுங்கள். ஏ.பி.எஸ். மூழ்கும், பி.பி. மிதக்கும். டால்கம் கலந்த பி.பி. மட்டும் சில சமயம் மூழ்கி ஏமாற்றும். நெருப்பில் காட்டி மோந்து பார்க்கும் பழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. பி.வி.சி. எரிந்தால் அமிலப் புகை வரும். அந்தப் பரீட்சை வேண்டாம்.

ஒட்டாமல் விடுவதும் ஒரு வழி

விரிசல் ஒரு விரல் நீளம்தான், இரண்டு மூன்று வருடமாக வளரவில்லை, வண்டி ஷெட்டில் நிற்கிறது என்றால் கை வைக்காதீர்கள். அதன் முனையில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டினால் பார்த்துக்கொள்ளலாம். பழைய வண்டியில் நேர்மையான ஒரு விரிசல், மோசமான ஒட்டைவிட அழகு என்பது என் கட்சி. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்தோடு தனிப் பதிவெண் தரும் மத்திய அரசின் விதி 2021 ஜூலையில் வந்தது. அது கேட்பது சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்பது. டேஷ்போர்டில் ஒட்டு இருந்தால் பதிவு போய்விடாது. ஆனாலும் பழைய டேஷ்போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வண்டியின் டேஷ்போர்டை வெட்டி மாட்டியவரின் வண்டியை, விற்கும் நாளில் வாங்க வருபவர் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பயணி பக்கத்து மூடியின் மேல் ஒட்டு, ஃபைபர், ரெக்ஸின் எதுவும் கூடாது. அது கிழிந்து திறப்பதற்கென்றே செய்யப்பட்டது.

கழற்றுவது

பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிய பிறகே மற்றது. ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளை மறந்து இழுத்தால் கேபிளோடு மீட்டரின் கழுத்தும் போகும். முப்பது நாற்பது வருட பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிரில் பிஸ்கட் மாதிரி உடையும். அதனால் காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்காமல் வண்டி கொஞ்சம் வெயில் வாங்கிய பிறகு கழற்றுங்கள்.

நம் ஊர் டேஷ்போர்டுகளில் பிள்ளையாரோ மாதாவோ மெக்கா படமோ ஏதாவது ஒன்று கட்டாயம் ஒட்டியிருக்கும். பிடித்து முறுக்கினால் அடியிலிருக்கும் தோலோடு வரும். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுங்கள். டேப் அறுந்து சாமி முழுசாகக் கைக்கு வரும். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுங்கள், தின்னர் வேண்டாம்.

அடுத்து, கழுவுவது. வருடக்கணக்கில் போட்ட டேஷ்போர்டு பாலிஷில் சிலிகான் எண்ணெய் இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவியவர்களும் உண்டு. இந்த எண்ணெய் சொட்டு மிச்சம் இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் மீன்கண் போல வட்டமாக விலகும். பாத்திரம் துலக்கும் லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பல் பிரஷ்ஷால் இரண்டு தடவை தேயுங்கள். காய்ந்த பின் ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடுவது இதற்குப் பிறகுதான். முன்னாலேயே தேய்த்தால் எண்ணெயைப் பிளாஸ்டிக்குக்குள் அரைத்து ஏற்றியதாகிவிடும்.

கெட்டி பிளாஸ்டிக்

ஏ.பி.எஸ். என்றால் சந்தோஷப்படுங்கள். விரிசலின் இரண்டு முனைகளிலும் 2 மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துளை போடுங்கள். விரிசல் மேற்கொண்டு ஓடாது. பின்பக்கமாக விரிசல் நெடுகப் பாதி கனத்துக்கு V வடிவில் பள்ளம் எடுங்கள். சால்டரிங் அயர்னின் தட்டை முனை போதும்.

ஒட்டும் பொருளை நீங்களே செய்யலாம். அதே வகை ஏ.பி.எஸ். துண்டுகளை மிக்சர் கடலை அளவுக்கு நறுக்கி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி ஒரு இரவு மூடி வையுங்கள். காலையில் இட்லி மாவுப் பதத்தில் ஒரு கூழ் இருக்கும். இது கோந்து இல்லை. பிளாஸ்டிக்கையே இளக்கி மறுபடி ஒன்றாக்குவது. அதனால்தான் ஒட்டு, சுற்றிலும் உள்ள பிளாஸ்டிக் போலவே நீளும், சுருங்கும். ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பாதீர்கள். அசிட்டோன் ஆவியாகும்போது கூழ் உள்ளிழுத்துச் சுருங்கும்; மெல்லிய பூச்சாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விடுங்கள். இரண்டாவது பூச்சில் ஃபைபர்கிளாஸ் வலையை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி அமுக்கிப் பதியுங்கள். பலம் முழுவதும் பின்பக்கம் இருக்க வேண்டும். முன்பக்கம் போடுவது அழகுக்கு மட்டும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், சமையலறையில் இந்த வேலை கூடாது.

பி.பி.யில் இந்த வித்தை பலிக்காது. அசிட்டோனுக்கு அது அசைந்து கொடுக்காது. சாதாரணப் பசைகளும் பிடிக்காது. பி.பி. ராடை வைத்து வெல்டிங் செய்வதும், பின்பக்கம் சூடான ஸ்டேப்ளர் கம்பிகளைப் பதிப்பதும்தான் வழி. ஸ்கூட்டர் பேனல் வெல்டிங் செய்பவர்கள் எல்லா ஏரியாவிலும் இருக்கிறார்கள், அவர்களிடமே கொடுங்கள். பெயின்டுக்கு முன் பிளாஸ்டிக் ப்ரைமர் கட்டாயம்.

வீட்டில் இருக்கும் பசைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதாரண அரால்டைட் ஆறிய நிலையில் கல் மாதிரி, 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். டேஷ்போர்டுக்கு இரண்டுமே ஆகாது. எம்-சீல் அதைவிட முரட்டுத்தனம். குளூ கன் பசை முதல் கோடையில் ஒழுகிவிடும். ஃபெவிக்விக்கோடு சமையல் சோடா தூவினால் நொடியில் கெட்டியாகும். பின்பக்கம் உடைந்த ஒரு காதை, ஸ்க்ரூ உட்காரும் குமிழை நிறுத்த அது நல்ல உபாயம். முன்பக்கம் தொடாதீர்கள், அதன் ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளை பூத்துவிடும்.

ஃபோம் டேஷ்போர்டு

இதுதான் பொறுமையைச் சோதிப்பது. பி.வி.சி. தோலை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. பழைய வண்டிகளின் முன்கண்ணாடியில் உள்பக்கம் படியும் பிசுக்கில் அதற்கும் பங்கு உண்டு. எண்ணெய் போன தோல் சுருங்கும், அடியிலிருக்கும் தகடு சுருங்காது, நடுவில் கிழியும். கிழிந்த விளிம்புகள் உதடு போல மேலே சுருண்டு நிற்கும். வெடிப்பின் நடுவில் ஃபோம் மஞ்சளாகி, தொட்டால் தூளாக உதிரும்.

இந்த உதட்டைச் சமாளிப்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. பலர் உதட்டின் மேலேயே பட்டி பார்த்துவிடுகிறார்கள். அப்போது மேடு தட்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பாம்பு படுத்திருப்பது போலத் தெரியும். சரியான முறை, புது பிளேடால் விளிம்பை இரண்டு பக்கமும் சாய்வாகச் சீவி, சுருண்ட பகுதியை முழுதாக எடுத்துவிடுவது. வெடிப்பு அகலமாகும். பயப்படாதீர்கள். பிறகு ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து இளஞ்சூடு காட்டி, விளிம்புகளை ஈரத் துணி சுற்றிய மரக்கட்டையால் அமுக்கி, ஆறும் வரை பிடியுங்கள். ஆறிய பின் விளிம்பு சுற்றுப்புறத்தைவிட ஒரு நூல் தாழ்ந்திருக்க வேண்டும். உதிரும் ஃபோமைச் சுரண்டி எடுத்து, கெட்டியான ஃபோம் வரும் வரை போங்கள்.

நிரப்புவதற்கு வளையும் தன்மையுள்ள இரண்டு பாகக் கலவைதான் வேண்டும். பம்பர் ரிப்பேருக்கு வரும் ஃபிளெக்ஸிபிள் ஃபில்லரைக் கேட்டு வாங்குங்கள். டிங்கர்கள் கதவுக்குப் போடும் பாடி பட்டி இங்கே உதவாது. வாங்கியதும் ஒரு பிளாஸ்டிக் தாளில் தோசைக் கரண்டி அளவு ஊற்றி, இறுகிய பின் மடித்துப் பாருங்கள். மடிந்தால் போடலாம், முறிந்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக நிரப்பி, 120-ல் ஆரம்பித்து 240, 400 என்று உப்புத்தாள் போட்டு மட்டம் செய்யுங்கள். கண்ணை நம்பாமல், கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். கண் விட்டதை விரல் பிடிக்கும்.

இப்போது மட்டம் வந்துவிட்டது, ஆனால் அந்த இடம் மட்டும் வழுக்கைத் தலையாக இருக்கும். தோலின் வரிவடிவத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி உண்டு. டேஷ்போர்டிலேயே நன்றாக இருக்கும் ஒரு பகுதியில், பொதுவாகப் பயணி பக்கம் கீழே, வாசலினை மிக மெல்லிசாகத் தடவித் துடைத்துவிட்டு, மோல்டு சிலிகானை உள்ளங்கை அகலத்துக்குப் பூசுங்கள். இறுகியதும் உரித்தால் வரிகள் பதிந்த அச்சு கிடைக்கும். கடைசிப் பூச்சு ஃபில்லர் பாதி இறுகும்போது இந்த அச்சை அதன் மேல் வைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு அமுக்கி, இறுகும் வரை விடுங்கள். நூற்றுக்கு நூறு பொருந்தாது. மேட் கறுப்பில் வினைல் பெயின்ட் டேஷ்போர்டு முழுவதும் அடித்த பிறகு, தேடுபவர் கண்ணுக்குத்தான் தெரியும். ஒட்டின் மேல் மட்டும் பெயின்ட் அடித்தால் யார் கண்ணுக்கும் தெரியும்.

பெயின்ட் வேலையை ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் காற்றின் ஈரம் சிக்கிப் பெயின்ட் வெளுத்துப்போகும். பெங்களூரில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை அதற்குக் குறைவில்லை.

கடையில் கொடுப்பதென்றால்

விரிசல்கள் வலைபோலப் பரவிவிட்டால் ஒட்டுவது வீண். மேலே ரெக்ஸின் அல்லது தோல் போர்த்துவதே புத்தி. ஜே.சி. ரோட்டில் சீட் கவர் தைக்கும் கடைகளில் இதைச் செய்வார்கள். இரண்டு விஷயம் மட்டும் விடாமல் கேளுங்கள். வெடிப்புகளை நிரப்பி மட்டம் செய்த பிறகே போர்த்த வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் பள்ளம் மேலே தெரியும். பசை, சூடு தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சீட்டுக்குப் போடும் பசை கண்ணாடியை ஒட்டிய விளிம்பில் முதலில் விட்டுவிடும். பளபளப்பான ரெக்ஸின் வேண்டாம். கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவர் கண்ணைக் கூசவைக்கும்.

ஃபைபர்கிளாஸ் போட்டுவிடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். எண்பதுகளில் பெங்களூரிலேயே சிபானி நிறுவனம் செய்த டால்ஃபின் காரின் உடம்பே ஃபைபர்கிளாஸ்தான். அதற்கு அது பொருந்தும். ஃபோம் டேஷ்போர்டின் மேல் போட்டால், நகரும் பொருளின் மேல் நகராத ஓடு.

மாற்று டேஷ்போர்டு தேடுபவர்கள் சிவாஜிநகர் குஜரிக் கடைகளையும் சென்னை புதுப்பேட்டையையும் ஒரு சுற்றுப் பார்க்கலாம். ஆனால் உங்களுடையதைப் போலவே அதுவும் முப்பது வருட வெயில் வாங்கியதுதான். முழுசாகக் கிடைக்காவிட்டாலும் உடைந்ததை விடாதீர்கள், ஏ.பி.எஸ். கூழுக்கு அதைவிட நல்ல கச்சாப் பொருள் கிடையாது.

திரும்பப் பொருத்துவது

பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ஒரு வாரம் விடுங்கள். ஒரு மாதத்துக்குப் பாலிஷ் கிட்டே வரக் கூடாது. முன்கண்ணாடிக்கு மடக்கும் சன் ஷேட் வாங்கி, நிறுத்தும்போதெல்லாம் போடுங்கள். கறுப்பு ஃபிலிம் யோசனை வேண்டாம்; 2012-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. கண்ணாடி மாற்றும் சந்தர்ப்பம் வந்தால் லேமினேட்டட் போடுங்கள்.

பொருத்தும்போது நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கமாக வையுங்கள். இரண்டு ஓரங்களிலும் உள்ள ஸ்க்ரூ ஓட்டைகளை வட்ட அரத்தால் பக்கவாட்டில் 2, 3 மில்லிமீட்டர் நீட்டி, அகலமான வாஷர் போட்டு, கையால் முடுக்கி, கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். பவர் ஸ்க்ரூ டிரைவரை இந்த வேலைக்குத் தொடாதீர்கள், மெக்கானிக்கையும் தொட விடாதீர்கள்.